காண்ட்ராக்ட் ஐடி ஊழியரா? ரெஸ்யூமில் கம்பெனி பெயரை எப்படி எழுதணும்?

3 வருஷத்தில் 4 புராஜெக்ட் முடிச்சாச்சு, ஆனா இன்டர்வியூவுக்கு மட்டும் கூப்பிட மாட்டேங்கிறாங்களா? ரெஸ்யூமை ஒருமுறை பாருங்க.

எங்கே சிக்கல்?
ஒவ்வொரு புராஜெக்ட்டையும் தனி வேலையாக எழுதினால், 'அடிக்கடி கம்பெனி மாறுபவர்' என்றே தோன்றும். சம்பளம் போடுவது ஒரே ஏஜென்சி என்றால், அதன் பெயரை மேலே போட்டு, கீழே புராஜெக்ட்களை வரிசையாக எழுதுங்க. ஏஜென்சி மாறியிருந்தால், 'ஒப்பந்தக் காலம் முடிந்தது' என்று குறிப்பிடுங்க.

கிளையன்ட் பெயரை மட்டும் போடலாமா?
வேண்டாம். ஆவணச் சரிபார்ப்பில் பிஎஃப் விவரத்தையும் கேட்கலாம். உங்கள் 12 இலக்க யுஏஎன் எண்ணில் பதிவாகியிருப்பது, பிஎஃப் கட்டிய ஏஜென்சியின் பெயர்தான். ரெஸ்யூமில் வேறு பெயர் இருந்தால், கைக்கு வந்த ஆஃபரே கைநழுவலாம்.

வேலையை எப்படி விவரிப்பது?
'ஜாவா தெரியும்' என்பதோடு நிறுத்தாதீங்க. '6 மணி நேரம் ஓடிய ரிப்போர்ட்டை 40 நிமிடத்தில் முடிய வைத்தேன்' என்பதுபோல, நிஜமாகச் செய்ததை எண்ணோடு எழுதுங்க. கிளையன்ட் பெயரை வெளியிடக் கூடாது என ஒப்பந்தத்தில் இருந்தால், 'ஒரு தனியார் வங்கி' என்றாலே போதும்.

அனுப்பும் முன், ரெஸ்யூமில் உள்ள தேதிகளை ரிலீவிங் லெட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துடுங்க.