பட்டாளத்து வீட்டுப் பிள்ளை

குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கும் மலைப்பாதையில் இரைச்சல் பாலம் என்று ஓரிடம் உண்டு. மின்நிலையக் குழாய்களுக்கு மிஞ்சிய தண்ணீரைத் திறந்துவிடும் நாட்களில், பஸ் அந்த வளைவுக்கு வரும் முன்பே சத்தம் வந்துவிடும். ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்த என் அப்பா, அத்தை ஊரான கூடலூருக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் அங்கே என்னைத் தட்டி எழுப்புவார். "மேற்குக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணிம்மா இது. நம்ம பக்கம் திருப்பி விட்டாரு வெள்ளைக்காரர்" என்பார்.

அந்த வெள்ளைக்காரர் கர்னல் ஜான் பென்னிகுக். அத்தை வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் அவர் படமும் இருக்கும். பக்கவாட்டில் பார்க்கும் முகம், அடர்ந்த மீசை. வெள்ளிக்கிழமை தோறும் முருகனுக்கு வைக்கும் அதே சந்தனப் பொட்டு அவருக்கும் உண்டு.

இப்போது நான் குமுளியில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வருஷம் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அவர் பட்டாளத்துக்காரர்னா எந்தச் சண்டையில ஜெயிச்சாரு?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் அவர் வாழ்க்கையை முறையாகப் படித்தேன்.

1841 ஜனவரி 15-இல் புனேயில் பிறந்தவர். அப்பா பிரிகேடியர் ஜான் பென்னிகுக், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பஞ்சாபில் சீக்கியர்களோடு போரிட்டவர். 1849 ஜனவரி 13-இல் ஜீலம் ஆற்றங்கரையை ஒட்டிய சில்லியன்வாலாவில் பெரிய சண்டை நடந்தது. ஆங்கிலேயரின் குதிரைப்படை ஒரு பக்கம் கலைந்து பின்வாங்கியது. பீரங்கிகளை நோக்கி நேராக நடந்துபோன காலாட்படை கொத்துக்கொத்தாக விழுந்தது. பிரிகேடியர் அங்கேயே இறந்தார். அப்பாவின் உடலைவிட்டு நகராமல் நின்ற மூத்த மகன் அலெக்சாண்டரும் இறந்தான். அவனுக்கு வயது 17. இளையவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாள் இருந்தது.

இந்தத் தேதிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊர்களில் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிற அந்த ஜனவரி 15, அவர் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு சாவுகளை ஒட்டியே வந்திருக்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் கஸ்டர் என்று ஒரு குதிரைப்படை அதிகாரி இருந்தார். பென்னிகுக்கைவிட ஒரு வயது மூத்தவர். 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் செவ்விந்தியர்களோடு மோதி, தம்பிகள் இருவரோடும் ஒரே நாளில் மடிந்தார். பட்டாளத்துக் குடும்பங்களுக்கு அந்த நூற்றாண்டு வைத்திருந்த வழி பெரும்பாலும் அதுதான். பென்னிகுக்கும் அதே வழியில்தான் கால் வைத்தார். அடிஸ்கோம்பில் இருந்த கம்பெனியின் ராணுவக் கல்லூரியில் படித்து, 1858-இல் மதராஸ் பொறியாளர் படையில் லெப்டினன்ட் ஆனார். 1868-இல் அபிசீனியா படையெடுப்புக்கும் போய்வந்தார். ஆனால் அவர் பெயரை நிறுத்தியது சண்டை அல்ல, ஓர் ஆறு.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை அவருடையது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி மலையை ஆராய வைத்தார். பின்னால் வந்த ஆங்கிலேயப் பொறியாளர்களில் சிலர் முடியாது என்றார்கள், சிலர் மண் அணை போடலாம் என்றார்கள். 1882-இல் பொறுப்பு பென்னிகுக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய். அடுத்த வருஷமே வேலை தொடங்கியது.

மழை அடித்தால் இந்தக் காடு எப்படி இருக்கும் என்பது இங்கே வாழ்கிற எங்களுக்குத் தெரியும். அட்டை, யானை, இடைவிடாத சாரல். அன்று இவற்றோடு மலேரியாவும் இருந்தது. சுண்ணாம்புக் கல்லை அடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் மேலே ஏற்றி, பிறகு ஆற்றில் படகு வழியாகக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பும், சுர்க்கி என்கிற செங்கல் பொடியும், கல்லும் சேர்ந்த கலவைதான் அணையின் வயிறு. இருபுறமும் கருங்கல் கட்டுமானம். தற்காலிகக் கரைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். தண்ணீர் வடிந்ததும் மறுபடியும் போடுவார்கள். 155 அடி உயர அணை எழும்பியது. தேங்கிய தண்ணீரைக் கிழக்கே தள்ள, ஒரு மைலுக்கும் நீளமாக மலையைக் குடைந்தார்கள். 1895 அக்டோபரில் மதராஸ் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையைக் கட்டினார் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அது மதராஸ் அரசின் திட்டம், அரசுப் பணத்தில் நடந்தது. நகைக் கதை இல்லாவிட்டாலும் அவர் எனக்குப் பெரிய மனிதர்தான். வெள்ளம் கொண்டுபோன இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நின்றாரே, அது போதாதா?

அவரோடு வேலை செய்தவர்களைத்தான் நாம் மறந்துவிட்டோம். அந்தத் திட்டத்திலேயே பணிபுரிந்த மெக்கென்சி 1899-இல் எழுதிய வரலாற்று நூல், நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகச் சொல்கிறது. அணைக்கு அருகே காட்டுக்குள் இன்றும் கல்லறைகள் இருக்கின்றன. கல்லறைகூட இல்லாமல் போன கூலிக்காரர்கள் எத்தனையோ பேர்.

என் வகுப்பில் வண்டிப்பெரியாரிலிருந்து ஒரு பெண் வருகிறாள். அணைக்குக் கீழே, ஆற்றோரத்தில் வீடு. அணைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அடைமழை நாளில் அவள் கண் ஜன்னலை விட்டு நகராது. பக்கத்து பெஞ்சில் இருப்பவனின் தாத்தாவுக்குக் கம்பத்தில் இரண்டு போகம் விளையும் வயல் இருக்கிறது. பள்ளத்தாக்கில் அப்படி 14,707 ஏக்கர் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. அதைத் தாண்டினால் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம். அவளுடைய பயத்தையும் இவனுடைய பசியையும் எதிரெதிராக நிறுத்திக் கோஷம் போட என்னால் முடியாது. இருவருக்கும் அணையின் கதையை முழுசாகச் சொல்வதுதான் என் வேலை.

பென்னிகுக் 1896-இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து போனார். கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1911 மார்ச் 9-இல் கேம்பர்லியில் காலமானார்.

இந்தப் பொங்கலுக்குக் கூடலூர் போயிருந்தபோது அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வயதுப் பையனைப் பற்றிச் சொன்னதும் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. மறுநாள், அவருடைய பிறந்தநாளில், முற்றத்துப் பானை பொங்கியதும் வழக்கம்போல அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தாள். அப்புறம் பக்கத்தில் இன்னோர் இலையை விரித்தாள்.

"இது யாருக்கு அத்தை?"

"காய்ச்சல்ல போனவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, கரண்டியை எடுத்தாள்.