சக்கரத்துக்குள் ரப்பர் பால்

புதுக் கார் வாங்குகிறவர்கள் இருக்கையைத் தடவிப் பார்க்கிறார்கள், திரையைத் தட்டிப் பார்க்கிறார்கள். டிக்கியின் அடித்தட்டை மட்டும் தூக்கிப் பார்ப்பதில்லை. முதல் பஞ்சர் அன்றைக்குத்தான் அது தூக்கப்படுகிறது. ஸ்டெப்னி இருக்கும் என்று நினைத்த குழியில் கையடக்கமான ஒரு காற்று பம்பும், அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் திரவம் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் கிடக்கின்றன. ஜாக்கி இல்லை, வீல் ஸ்பேனரும் இல்லை. ஷோரூமுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது அதற்கு அடுத்த கட்டம்.

சண்டையில் பயனில்லை. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. டியூப்லெஸ் டயர், டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் அமைப்பு, பஞ்சர் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்த ஆண்டு அக்டோபர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மின்கார்களில் பேட்டரிக்கு இடம் தேவைப்படுகிறது. கார் நிறுவனங்களுக்கு ஒரு சக்கரத்தின் செலவும் எடையும் மிச்சம். ஆகவே அந்தப் பாட்டிலை இனி அதிகமாகவே பார்க்கப் போகிறோம். அதற்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது அதைத் தொடக்கூடாது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

காரோடு வரும் பாட்டில்களில் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள் ரப்பர் மரத்துப் பால். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய்ப் பட்டையில் சரிவாகக் கீறி, சிரட்டையோ கோப்பையோ வைத்துப் பால் பிடிப்பார்கள். அவ்வளவு அதிகாலையில் போவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறி இலைகள் நீரை வெளியேற்றத் தொடங்குவதற்கு முன், பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். பத்து வளிமண்டல அளவைத் தொடும். கார் டயரில் நாம் அடிக்கும் 33 பி.எஸ்.ஐ. காற்று இரண்டேகால் வளிமண்டலம்தான். இத்தனை அழுத்தத்தில் பீறிடும் பாலை மரம் சில மணி நேரத்தில் தானே நிறுத்திக்கொள்கிறது. குழாய் முனைகளில் பால் உறைந்து அடைப்பாகிறது. கீறல் நெடுகிலும் காய்ந்து கிடக்கும் ரப்பர் நாடாவை அடுத்த முறை பால் வெட்ட வருகிறவர் உரித்தெடுத்து, ஒட்டுப்பாலாகத் தனியே விற்கிறார். மரத்துக்கு ரப்பர் என்பது காயத்துக்கான மருந்து. டயர் பஞ்சருக்கும் அதே மருந்தைத்தான் மனிதன் எடுத்திருக்கிறான்.

அந்தப் பாலில் ரப்பர், மிகச் சிறிய துகள்களாக நீரில் மிதக்கிறது. பெரும்பாலான துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஒவ்வொரு துகளின் மேலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை. அந்த உறையில் எதிர்மின்சுமை. ஒரே வகை மின்சுமை என்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் மிதந்தபடி இருக்கின்றன. பாலில் அமிலத்தை விட்டால் அந்தத் தள்ளுவிசை போய்விடும். துகள்கள் ஒட்டிக் கட்டியாகும். தோட்டத்தில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி ஷீட் அடிப்பது இந்த வழியில்தான். உறையாமல் நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டுமென்றால் அம்மோனியா சேர்க்கிறார்கள். பஞ்சர் பாட்டிலைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் வாடை பல சமயம் வருவதற்கு இந்த அம்மோனியாவே காரணம்.

பாலோடு வேறு இரண்டு சரக்குகளும் சேர்கின்றன. ஒன்று கிளைக்கால். குளிர்நாடுகளில் பாட்டில் உறைந்துவிடாமல் காப்பது அதன் வேலை. நம் ஊரில் பனி உறையும் கவலை இல்லையென்றாலும், நீர் சீக்கிரம் உலர்ந்து போகாமல் பிடித்து வைக்க அது உதவுகிறது. மற்றொன்று பிசின். பைன் போன்ற மரங்களின் பிசினிலிருந்து கிடைக்கும் பொருள்களைச் சேர்த்து, உறையும் ரப்பர் டயரோடு பற்றிக்கொள்ளச் செய்கிறார்கள். சில தயாரிப்புகளில் நுண்ணிய இழைகளும் உண்டு.

இனி டயருக்குள் நடப்பதைப் பார்ப்போம். பழைய டியூப் டயரில் ஆணி ஏறினால் டியூப் கிழிந்து மொத்தக் காற்றும் ஒரேயடியாகப் போகும். டியூப்லெஸ் டயரில் உட்சுவராகக் காற்றை எளிதில் விடாத பியூட்டைல் வகை ரப்பரின் பூச்சு இருக்கிறது. ஆணி ஏறினாலும் சுற்றியுள்ள ரப்பர் அதைக் கவ்விக்கொள்வதால் காற்று மெல்லத்தான் கசிகிறது. கசிவு மெல்லியதாக இருப்பதால்தான் திரவ வைத்தியம் அங்கே பலிக்கிறது.

பாட்டில் திரவத்தை வால்வு வழியாக உள்ளே தள்ளியதும் அது டயரின் அடியில் குளமாகத் தேங்குகிறது. ஆணி குத்திய இடம் மேலே இருந்தால் திரவம் அதைத் தொடவே இல்லை. அதனால்தான் காற்று ஏறியவுடன் வண்டியை ஓட்டச் சொல்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் கார் போகும்போது சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்று அளவில் சுழல்கிறது. டயரின் வெளிவிளிம்பில் உள்ள ஒரு சொட்டு, தன் எடையைப் போல் தொண்ணூறு மடங்குக்கு மேலான விசையோடு, சாலையைத் தொடும் ட்ரெட்டின் உட்பக்கத்தில் அழுந்துகிறது. குளமாகக் கிடந்தது சில நொடிகளில் பரந்த படலமாகிவிடும். படலம் ஓட்டையைக் கண்டதும் காற்று அதை வெளியே தள்ளுகிறது. குறுகிய வழியில் ரப்பர் துகள்கள் திருவிழாக் கூட்டம் ஒற்றை வாசலில் மோதுவதைப் போல நெருக்கியடிக்கின்றன. வேகமும் உரசலும் அவற்றின் உறையைக் குலைக்கின்றன. நீர் வெளியே கசிந்துவிட, துகள்கள் நெருங்கி ஒட்டுகின்றன. அடைப்பு உருவாகிறது. இத்தனைக்கும் வேலை வாங்குவது வெளியேறும் காற்றேதான். கசிவு இல்லாத இடத்தில் திரவம் திரவமாகவே கிடக்கும். டயரின் மற்ற இடங்களில் எதுவும் ஒட்டாமல் ஓட்டையில் மட்டும் ஒட்டுகிற சாமர்த்தியத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

இந்த ஒரு சங்கதி புரிந்தால் கிட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஓட்டை பெரிதாக இருந்தால் துகள்கள் நெருங்குவதற்குள் காற்று அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். பல நிறுவனங்கள் சொல்லும் எல்லை 4 மில்லிமீட்டர், சில 6 வரை போகின்றன. டயரின் பக்கவாட்டில் கிழிசல் என்றால் முயற்சியே வேண்டாம். ட்ரெட்டுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருப்பதால் அங்கே ஓட்டை அதிகம் அசைவதில்லை. பக்கவாட்டுச் சுவரோ ஒவ்வொரு சுற்றிலும் தரையருகே வரும்போது வளைந்து நிமிர்கிறது. நொடிக்கு ஒன்பது தடவை வளையும் இடத்தில் பாலால் ஆன அடைப்பு எத்தனை நேரம் நிற்கும்? தவிர, பக்கச் சுவரில் அறுந்தது டயரைத் தாங்கும் நூல். அதற்குத் திரவத்தில் மருந்தில்லை.

காற்றில்லாமல் ஓட்டிய டயரையும் இது காப்பாற்றாது. அரை கிலோமீட்டர் ‘ஓரமா போயிடலாம்’ என்று உருட்டினால் கூடப் பக்கச் சுவர் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி உள்ளுக்குள் உதிரத் தொடங்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது. கழற்றினால் கறுப்புத் தூளாகக் கொட்டும். ஸ்டெப்னி வேண்டாம் என்று சொன்ன விதி, காற்றழுத்த எச்சரிக்கை அமைப்பையும் சேர்த்துக் கேட்டது இதனால்தான் நியாயமாகிறது. அழுத்தம் இறங்கத் தொடங்கியதுமே ஓட்டுநருக்குத் தெரிந்தால்தான் பாட்டிலுக்கு வாய்ப்பு.

செய்முறை கடினமில்லை. வண்டியைச் சாலையை விட்டு ஒதுக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, நான்கு இண்டிகேட்டரையும் எரிய விட்டு ஆரம்பிக்க வேண்டும். ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். அது பாதி ஓட்டையை அடைத்துக்கொண்டு நமக்கு உதவி செய்கிறது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பம்போடும் வால்வோடும் இணைத்து, பம்பின் ஒயரை டேஷ்போர்டில் உள்ள 12 வோல்ட் துளையில் செருகி ஓட விட வேண்டும். முதல் அரை நிமிடத்தில் பம்பின் முள் 5, 6 பார் வரை எகிறும். டயர் வெடித்துவிடுமோ என்று பயந்து பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அது டயரின் அழுத்தம் இல்லை. கெட்டியான பால் வால்வின் சின்னத் துளையில் முட்டி நுழைகிற அழுத்தம். பாட்டில் காலியானதும் முள் தானே இறங்கி, பிறகு மெல்ல ஏறும். பத்து நிமிடத்தில் 1.8 பார், அதாவது 26 பி.எஸ்.ஐ. கூட வரவில்லையென்றால் ஓட்டை பெரிது. அத்தோடு நிறுத்திவிட்டு மீட்பு வண்டியைக் கூப்பிடுவதே உத்தமம். பம்பையும் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட விட்டால் சூடாகிவிடும்.

காற்று நின்றால் டீ குடிக்கப் போகாமல் உடனே கிளம்ப வேண்டும். பத்து நிமிடம் ஓட்டியபின் நிறுத்தி அழுத்தம் பாருங்கள். 1.3 பாருக்குக் கீழே போயிருந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. அதற்கு மேலே இருந்தால் குறைந்ததை நிரப்பிவிட்டுப் போகலாம், 80 கிலோமீட்டர் வேகத்துக்குள். பாட்டிலோடு வரும் ‘80’ ஸ்டிக்கரை ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டச் சொல்வது, பின்னால் இன்னொருவர் வண்டியை எடுத்தாலும் தெரிவதற்காக. பயணத்தின் இலக்கு பஞ்சர் கடை; ஊர் அல்ல.

கடைக்காரரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது, உள்ளே திரவம் விட்டிருக்கிறது என்பதை. சொல்லாமல் விட்டால் ரிம்மிலிருந்து டயரைப் பெயர்க்கும்போது அவர் சட்டையெல்லாம் பால். ஈரமாக இருக்கும்போது தண்ணீரிலேயே கழுவிவிடலாம். காய்ந்துவிட்டால் உரிக்க வேண்டும். ஸ்ப்ரே டப்பாவாக வரும் வகையில் எச்சரிக்கைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பாலைத் தள்ளும் வாயுவாக ஒரு காலத்தில் புரொப்பேன், பியூட்டேன் போன்றவற்றை அடைத்தார்கள். டயருக்குள் தங்கிய அந்த வாயு, பழுது பார்க்கும்போது எழும் தீப்பொறியில் வெடித்து, அமெரிக்காவில் தொழிலாளர்களுக்குக் காயம் ஏற்பட்டது. பிறகு எரியாத குளிர்பதன வாயு ஒன்றுக்கு மாறினார்கள். அதற்கோ கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் திறன். தனி பம்போடு வரும் பாட்டிலில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. தள்ளுவது வெறும் காற்று.

டயரைக் கழற்றித் துடைத்து, உட்பக்கத்திலிருந்து ஒட்டுப் போடுவதே சரியான பழுது. சக்கரத்துக்குள் சென்சார் இருந்தால் அதன் துளையில் பால் உறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் மாற்ற நேரிடும். திரவம் விட்ட டயரை மாற்றியே ஆக வேண்டும் என்று கறாராகச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு.

இந்தச் செலவையெல்லாம் கணக்குப் பார்த்தால், பாட்டிலை முதலில் எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். ட்ரெட்டில் ஏறிய ஆணி மெல்லக் கசிகிறது என்றால், பாட்டிலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பம்பை மட்டும் மாட்டிக் காற்று அடியுங்கள். நம் நெடுஞ்சாலைகளில் அடுத்த பஞ்சர் கடை வரை அந்தக் காற்று பெரும்பாலும் தாங்கும். கடைக்காரர் ஓட்டையை அரம் போன்ற ஊசியால் துழாவி, பிசின் தடவிய ஸ்ட்ரிப்பைச் செருகிச் சில நிமிடங்களில் அனுப்பிவிடுவார். கடைகள் அடைத்த நள்ளிரவு, ஆள் நடமாட்டமில்லாத மலைப்பாதை, அடித்த காற்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் ஓட்டை: பாட்டிலின் வேளை அது.

இருசக்கர வாகனங்களுக்கு ‘பஞ்சரே ஆகாது’ என்று முன்கூட்டியே ஊற்றி விற்கும் திரவம் வேறு சாதி. அதில் பெரும்பாலும் ரப்பர் பால் இல்லை. கிளைக்காலில் இழைகளைக் கலந்து, ஆண்டுக்கணக்கில் திரவமாகவே இருக்கும்படி செய்திருப்பார்கள். காருக்கு வந்த பாலை அதுபோல முன்னெச்சரிக்கையாக ஊற்றி வைத்தால் சும்மாவே உலர்ந்து வீணாகும். காருக்கும் முன்கூட்டியே காப்பு வேண்டுமென்றால், காண்டினென்டல், பிரெல்லி, மிஷலின் போன்ற நிறுவனங்கள் உட்சுவரில் பசைப் படலம் பூசிய டயர்களையே விற்கின்றன. விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

கடைசியாகப் பாட்டிலின் தேதி. ரப்பர் பால், மூடி திறக்காவிட்டாலும் மெல்ல முதிர்ந்து கட்டி தட்டும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் அது இன்னும் வேகமாக நடக்கும். பல தயாரிப்புகளுக்கு ஆயுள் நான்கு ஆண்டு அளவில்தான். தேதியைப் பாட்டிலிலேயே அச்சிட்டிருப்பார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் எஞ்சினைக் கேட்டுப் பார்ப்பதோடு இதையும் பார்த்துவிடலாம். காலாவதியானதைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். சில பாட்டில்களில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், நாய்களும் குழந்தைகளும் நக்கினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டயர் கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.