பந்தய எந்திரமும் பிஸ்டன் வளையமும்

தாணே கழியின் கிழக்குக் கரையில், முலுண்டிலிருந்து பாலம் கடந்தவுடன் எதிர்ப்படும் ஊர் ஐரோலி. இவ்வூரையொட்டிய தொழிற்பேட்டையில், எந்திரங்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றிற்கு அண்மையில் சென்றிருந்தேன். அங்குத் தலைமைக் கம்மியராக இருப்பவர் தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழர். எண்ணெய்த் துணியில் பொதிந்து வைத்திருந்த பிஸ்டன் ஒன்றை எடுத்து அவர் என் கையில் தந்தார். அதன் தலைவிளிம்பு, எலி கடித்த தேங்காய்ப் பத்தையைப்போல ஒரு பக்கத்தில் பெயர்ந்து போயிருந்தது.

"இது உருகியதன்று ஐயா, உடைந்தது. வளையத்தின் நுனிகளைப் பாருங்கள்" என்றார் அவர். பார்த்தேன். வெட்டுவாயின் இரு நுனிகளும் கண்ணாடிபோல் பளபளத்தன.

செம்பூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், மூன்றாண்டுச் சேமிப்பைச் செலவிட்டு, நேரோட்டப் பந்தயத்திற்கெனத் தம் காரின் எந்திரத்தில் நைட்ரஸ் ஆக்ஸைடு செலுத்தும் கருவியைப் பொருத்தினாராம். இரண்டாம் ஓட்டத்திலேயே எந்திரம் இறுகி நின்றுவிட்டது. கருவியைப் பழித்தவர் பலர். நுனிகளின் பளபளப்போ வேறொரு காரணத்தைச் சொல்லிற்று.

நைட்ரஸ் ஆக்ஸைடு புதிய பொருளன்று. 1772இல் ஆங்கிலேயரான ஜோசப் பிரீஸ்ட்லி இதனைக் கண்டறிந்தார். சிரிப்பூட்டும் வாயு எனப் பெயர் பெற்று, பல் மருத்துவரிடத்தும் அறுவை மருத்துவரிடத்தும் நெடுங்காலம் பணிபுரிந்து வருவது இதுவே. இரண்டாம் உலகப் போரின்போது, காற்று மெலிந்த உயரங்களில் தம் விமானங்களின் ஆற்றல் குன்றாதிருக்கும் பொருட்டு ஜெர்மானியர் இதனை எந்திரங்களுக்குள் செலுத்தினர். காற்றின் எடையில் நூற்றுக்கு 23 பங்கே பிராணவாயு; நைட்ரஸ் ஆக்ஸைடின் எடையிலோ 36 பங்கு. உருளைக்குள் நிலவும் வெப்பத்தில் இவ்வாயு சிதைந்து பிராணவாயுவை விடுவிக்கிறது; சிதையும்போது தானும் வெப்பத்தை வெளியிடுகிறது. பிராணவாயு மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம், ஆற்றல் கூடும். ஆற்றலோடு வெப்பமும் கூடும் என்பதைத்தான் பந்தய ஆர்வலர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்டது. பிஸ்டன் வார்க்கப் பயன்படும் அலுமினியம்-சிலிக்கன் கலவையோ 600 பாகையை எட்டுமுன்னரே உருகத் தொடங்கிவிடும். அவ்வாறாயின், தீயை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் பிஸ்டன் பிழைத்திருப்பது எங்ஙனம்? வகுப்பறையில் கேட்கத் தக்க கேள்வி இது. தீ தீண்டும் நேரம் மிகச் சிறிது என்பது விடையின் ஒரு பகுதி. பிஸ்டன் தான் பெறும் வெப்பத்தின் பெரும் பகுதியை வளையங்களின் வழியே உருளைச் சுவருக்கும், சுவர் அதனைக் குளிர்நீருக்கும் கடத்திவிடுவது மறு பகுதி. வளையம் வாயுவைத் தடுக்கும் அடைப்பு மட்டுமன்று. வெப்பம் வெளியேறும் வாயிலும் அதுவே. 1850களில் நீராவி எந்திரங்களுக்கென, தன் விரிவிசையாலேயே சுவரைத் தழுவி நிற்கும் வெட்டுண்ட உலோக வளையத்தை அமைத்தவர் ஜான் ராம்ஸ்பாட்டம். இன்றைய பந்தய எந்திரத்திலும் அடிப்படை அமைப்பு அதுவேயாகும்.

அந்த வெட்டுவாயில் விடப்படும் இடைவெளியே நம் கட்டுரையின் உயிர்நிலை. வளையம் சூடேறினால் நீளும். நீண்டால் இடைவெளி சுருங்கும். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 236 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு, வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11 பங்கு நீளும். ஆகவே, உருளைச் சுவரைவிட வளையம் 100 பாகை மிகுதியாகச் சூடேறுமாயின், இடைவெளி 0.26 மில்லிமீட்டர் சுருங்கும். சாதாரண எந்திரத்திற்கு, விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு, அதாவது 0.30 மில்லிமீட்டர், இடைவெளி விடுவது வழக்கம். வேறுபாடு 115 பாகையைத் தாண்டியதும் அவ்விடைவெளி முற்றும் மூடிவிடும் என்பதை மாணவரே கணக்கிட்டுக் காணலாம். சாலையில் ஓடும் காருக்கு இது போதும். நைட்ரஸ் செலுத்தும் எந்திரத்திற்குப் போதாது. அதற்கு ஆயிரத்தில் ஆறு முதல் ஏழு பங்கு வரை விடுவது மரபு. 75 மில்லிமீட்டர் உருளைக்கு ஏறத்தாழ 0.50 மில்லிமீட்டர். இதனால் 190 பாகை வேறுபாடு வரை நுனிகள் முட்டா.

முட்டினால் என்ன? வளையத்திற்கு மேலும் நீள இடமில்லை. விரிந்து சுவரை நெருக்குகிறது. எண்ணெய்ப் படலம் அறுந்து உராய்வு மிகுகிறது. உராய்வால் வெப்பமும், வெப்பத்தால் நீட்சியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. சில நொடிகளில் வளையம் சுவரைக் கவ்வி நின்றுவிட, பிஸ்டனோ நில்லாது இழுபடுகிறது. வளையத்திற்கு மேலுள்ள மெல்லிய விளிம்பு அவ்விழுப்பைத் தாங்காமல் பெயர்ந்து விழுகிறது. நான் கையில் ஏந்திய பிஸ்டனின் கதை இதுவே. நுனிகள் ஒன்றோடொன்று தேய்ந்தமையால் பளபளப்பு ஏற்பட்டது. வட்டாரங்களில் பணிபுரியும் அலுவலர்கள் இவ்வடையாளத்தை நினைவிற் கொள்ளலாம். தண்ணீர் இல்லாமல் சூடேறி இறுகிப்போன இறைவை எந்திரத்திலும் சில வேளை இதே பளபளப்பைக் காண முடியும்.

இடைவெளியைப் பெரிதாக்கினால் வாயு கசியாதா என்று கேட்கலாம். கசியும், எந்திரம் குளிர்ந்திருக்கும்போதும், நைட்ரஸ் செலுத்தாத வேளையிலும் சிறிது ஆற்றல் இழப்பு உண்டு. சூடேறியபின் இடைவெளி சுருங்குவதால் இழப்பும் குறைகிறது. ஒரு பிஸ்டன் உடைவதோடு ஒப்பிட்டால் இது பொருட்படுத்தத் தக்கதன்று என்பதே என் கருத்து. இரண்டாம் வளையத்தின் இடைவெளியை முதல் வளையத்தினதைவிடச் சற்று மிகுதியாக வைப்பர். முதல் வளையத்தைத் தாண்டி வந்த வாயு நடுவே அடைபட்டு, அவ்வளையத்தைத் தன் பள்ளத்திலிருந்து மேலே தூக்காதிருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. முதல் வளையத்தைச் சாதாரண வார்ப்பிரும்பில் அமைப்பது தவறு. அது நொறுங்கும் இயல்புடையது. வளைந்து கொடுக்கும் உருண்டைக் காரீய இரும்போ எஃகோ ஏற்றது.

பிஸ்டனைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் வேறு வகையானது. சென்னைச் செம்பியத்தில் 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் முதலாக, நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சாலை வண்டிகளுக்கு வார்த்தளிக்கும் பிஸ்டன்கள் பல்லாண்டு தேயாமல் உழைப்பதற்கென்று அமைந்தவை. சிலிக்கன் மிகுந்த அவ்வார்ப்பு கடினமானது, வெப்பத்தில் அதிகம் விரியாது. ஆனால் அதிர்ச்சியைத் தாங்காது. கலவை காலம் தப்பி வெடித்தெரியும்போது எழும் சம்மட்டி அடிகளால் அது பிளந்துவிடும். ஆதலின் பந்தயத்திற்கு, வார்க்காமல் அடித்து உருவாக்கிய பிஸ்டன் வேண்டும். அவற்றுள்ளும் இரு வகையுண்டு. 4032 என்னும் எண்ணால் குறிக்கப்படும் கலவையில் சிலிக்கன் ஏறத்தாழ 12 பங்கு; விரிவு குறைவு. 2618 கலவையில் சிலிக்கன் மிகச் சிறிதே. செம்பும் மக்னீசியமும் நிக்கலும் உண்டு. இது அதிகம் விரியும், விரைவில் தேயும், ஆயினும் அடிபட்டால் பிளவாமல் நசுங்கிக் கொடுக்கும். நைட்ரஸ் எந்திரத்திற்கு இரண்டாவதையே நான் சரியென்பேன். அதற்குச் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே கூடுதல் இடம் விட வேண்டும்; காலையில் எந்திரம் குளிர்ந்திருக்கையில் கடகடவென ஒலிக்கும். அவ்வொலி பழுதன்று. மேலும், பிஸ்டனின் தலை தடித்திருத்தல் வேண்டும். முதல் வளையம் விளிம்பிலிருந்து தள்ளிக் கீழே அமைந்திருத்தல் வேண்டும்.

சோழவரத்தில் போர்க்கால விமானத் தளத்தின்மீது, 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுச் சங்கம் நடத்திய பந்தயங்களை முதியோர் சிலர் நினைவுகூர்வர். அவை சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயங்கள். எந்திரம் நீண்ட நேரம் ஒரே சீராக உழைத்தாக வேண்டும். நேரோட்டத்தில் எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். குளிர்நீர் மானியின் முள் அசையுமுன்னரே வளையம் சூடேறிவிடுகிறது. ஓட்டுநருக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை.

நம் நாட்டு வெயிலும் இங்கு ஒரு பங்கு வகிக்கிறது. கலத்தினுள் திரவமாக அடைபட்ட நைட்ரஸ் ஆக்ஸைடின் அழுத்தம் 20 பாகையில் ஏறத்தாழ 50 வளிமண்டல அளவு, 36.4 பாகையிலோ 72. அதற்கு மேல் அது திரவமாக நில்லாது. மே மாதத்தில், மூடிய காரின் பின்புறப் பெட்டி இந்த வெப்பத்தை எளிதில் கடந்துவிடும். அழுத்தம் ஏறினால், காலையில் அளந்து வைத்ததைவிட வாயு மிகுதியாகப் பாயும். பெட்ரோலின் அளவோ மாறுவதில்லை. பெட்ரோல் குறைந்த கலவை மிகுந்த வெப்பத்துடன் எரியும். அப்போது பிஸ்டன் உடைவதற்குப் பதில் உருகும். எனவே கலத்தின் அழுத்தமானியைப் பாராமல் ஓட்டம் தொடங்குவது பெரும் பிழை. தீப்பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளுவதும் இன்றியமையாதது. நைட்ரஸ் கலந்த கலவை விரைந்து எரியும்.

இளைஞர் தம் எந்திரத்தைக் கைவிடவில்லை. நான் இரண்டாம் முறை அப்பட்டறைக்குச் சென்றபோது, கம்மியரின் மேற்பார்வையில் அவரே வளையங்களின் நுனிகளை அராவிக் கொண்டிருந்தார். முகப்புப் பூச்சு பெயராதிருக்க, வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கியே அரம் செல்ல வேண்டும். சிறிது அராவுவதும், வளையத்தை உருளைக்குள் வைத்துத் தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராக்குவதும், இடைவெளியைத் தகட்டு அளவியால் அளப்பதுமாகப் பிற்பகல் முழுவதும் கழிந்தது. மூன்று உருளைகளின் வளையங்கள் அரை மில்லிமீட்டருக்கு வந்திருந்தன. நான்காவதில் 0.46 காட்டியது. "இது போதாதா அண்ணே?" என்று இளைஞர் கேட்டார். கம்மியர் விடை கூறாமல் அரத்தை மீண்டும் அவர் கையில் கொடுத்தார்.