வெட்டிய கையும் ஏவிய வாயும்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கோவலனைச் சூழ்ந்து நின்ற காவலர் அனைவரும் ஒரே மனத்தினர் அல்லர். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று ஒருவன் தயங்குகிறான். பொற்கொல்லன் களவு நூலின் நுட்பங்களை எல்லாம் எடுத்துரைத்து அந்தத் தயக்கத்தைக் கலைக்க முயல்கிறான். அதன் பின்னும் பேச்சு நீள்கிறது. இறுதியில் கல்வியும் தெளிவும் இல்லாத களிமகன் ஒருவன், எவருடைய முடிவுக்கும் காத்திராமல் வாளை வீசிவிடுகிறான்.

வழக்குரை காதையில் கண்ணகி அந்த வாள்வீரனைத் தேடிச் செல்லவில்லை. நேரே அரசன் முன் நிற்கிறாள். பாண்டியனும் காவலன் மீது பழி போட்டுத் தப்ப முயலவில்லை. ஆராயாமல் ஆணையிட்ட பிழையைத் தன்னதாக ஏற்று உயிர் விடுகிறான். வைகையின் வடகரையில், தல்லாகுளத்தில் இருந்து படிக்கும் நமக்கு இஃது ஊர்க்கதை, பலமுறை கேட்டது. எனினும் ஒன்றை நாம் அதிகம் கவனிப்பதில்லை. வாள் வீசியவனுக்கு என்ன நேர்ந்தது? காப்பியம் அவன் பெயரையும் கூறவில்லை. பொறுப்பு முழுவதும் மேல்நோக்கிச் சென்று அரசனிடம் நின்றுவிட்டது. நம் காலத்து நீதிமன்றங்களில் இதற்கு நேர்மாறானதே நிகழ்கிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவலன் போர்க்கைதி அல்லன் என்பது உண்மை. ஆயினும் ஆயுதம் தாங்கியோர் கையில் அகப்பட்ட ஆயுதமற்ற மனிதன் என்ற அளவில் இருவர் நிலையும் ஒன்றே. போர்க்கைதியைப் பற்றியே பேசும் பாடல்களும் புறநானூற்றில் உண்டு. குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை தண்ணீர் கேட்டுப் பெறாமல், காலம் தாழ்த்திக் கொடுத்ததை உண்ணாது இறந்ததை 74 ஆம் பாடலின் குறிப்பு கூறுகிறது. அங்கும் சிறைகாத்தோரின் பெயர் இல்லை. 47 ஆம் பாடலின் சூழலோ இன்னும் நமக்கு நெருக்கமானது. உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் பாடித் தடுத்தார். ஐயத்தின் பேரில் பிடிபட்டவனுக்காகக் குரல் கொடுக்க அன்று ஒரு புலவர் இருந்தார்.

அந்தக் குரலை எழுதப்பட்ட சட்டமாக்க உலகத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று. 1949 இன் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான 3 ஆம் விதி, உள்நாட்டுப் போரிலும் ஆயுதத்தைக் கீழே வைத்தவரையும் பிடிபட்டவரையும் கொல்லுதல், வதைத்தல், இழிவுபடுத்துதல் ஆகியவற்றைத் தடை செய்கிறது. மேலதிகாரியின் கட்டளை என்பது கீழ்ப்பட்டவனைக் குற்றத்தினின்று விடுவிக்காது என்று 1945 இல் நூரம்பர்க் சாசனம் விதித்தது. இது வெட்டிய கைக்கான சட்டம். தன் படையினர் பிலிப்பைன்ஸில் செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறியமைக்காக ஜப்பானியத் தளபதி யமஷிதா 1946 இல் தூக்கிலிடப்பட்டார். இது மேலிருந்தோருக்கான சட்டம். அவர் அறிந்தே தடுக்கத் தவறினாரா என்ற ஐயம் அவ்வழக்கில் இன்றளவும் தீரவில்லை. வென்றவர் நடத்திய விசாரணை என்னும் குறையும் அதற்கு உண்டு.

இனி, நமக்கு அண்மையில் உள்ள இலங்கைக்கு வருவோம். 1971 ஏப்ரலில் அங்கே நடந்தது தமிழர் போராட்டம் அன்று. சிங்கள இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சி. கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்னும் 22 வயதுச் சிங்களப் பெண் படையினரால் பிடிக்கப்பட்டு, இழிவுபடுத்தப்பட்டுச் சுடப்பட்டாள். லெப்டினன்ட் ஒருவருக்கும் சார்ஜன்ட் ஒருவருக்கும் 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேலிடத்துக் கட்டளைப்படியே செய்தோம் என்ற வாதத்தை மேல்முறையீட்டு மன்றம் 1973 இல் ஏற்கவில்லை. கைதியைக் கொல் என்னும் கட்டளை கட்டளையே ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கொல்லப்பட்டவளும் கொன்றவர்களும் ஓரினத்தவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. காவலில் உள்ளவரை வதைக்கும் கொடுமை இனம் பார்த்து மட்டும் வருவதில்லை.

1996 செப்டம்பர் 7 அன்று யாழ்ப்பாணம் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி, உயர்தரத் தேர்வில் வேதியியல் தாள் எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச் சாவடியில் தடுக்கப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் திரும்பவில்லை. நால்வரும் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டிருந்தனர். மூன்று நீதிபதிகள் அமர்ந்த கொழும்பு நீதிமன்றம் 1998 ஜூலையில் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது. (இலங்கையில் 1976 க்குப் பின் அத்தண்டனை நிறைவேற்றப்படுவதில்லை.) படையினரை நீதிமன்றம் தண்டித்தது என்பது சிறு செய்தி அன்று, அதைப் பாராட்டாமல் மேலே செல்வது முறையன்று.

மூன்றாவது மிருசுவில். 2000 டிசம்பரில், போரால் இடம்பெயர்ந்திருந்து தம் வீடுகளைப் பார்க்கச் சென்ற தமிழர் எண்மர், ஐந்து வயதுச் சிறுவன் உட்பட, படையினரால் பிடிக்கப்பட்டுக் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். காயத்துடன் தப்பிய ஒருவரின் சாட்சியமே வழக்கைத் தாங்கியது. ஐவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2015 ஜூனில் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்க ஒருவருக்கே மரண தண்டனை கிடைத்தது. 2019 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச அவரைப் பொதுமன்னிப்பில் விடுவித்தார். பதினைந்து ஆண்டு நடந்து வந்த நீதி ஒரு கையொப்பத்தில் கரைந்தது. மன்னிக்கும் உரிமை முதலில் யாருக்கு உரியது? கொலையுண்டவனின் உறவினருக்கே அது உரியது என்னும் மரபில் வந்த நமக்கு, அவர்களைக் கேளாது அளித்த மன்னிப்பு விளங்கவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது இக்கட்டுரைக்கு அழகன்று. 1990 ஜூனில் கிழக்கு மாகாணத்தில் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீசாரை விடுதலைப் புலிகள் கொன்றனர். மாண்டோரில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

மேற்கண்ட மூன்று வழக்குகளிலும் தண்டனை எங்கே நின்றது என்று நோக்குக. லெப்டினன்ட், கார்ப்பரல், சார்ஜன்ட். அதற்கு மேல் ஏறவில்லை. கொலைக் குற்றத்துக்கான சாதாரணச் சட்டம் செய்தவனைத் தேடுகிறதே ஒழிய, செய்யவிட்டவனைத் தேடுவதில்லை. கட்டளைப் பொறுப்பு என்னும் கோட்பாடு இலங்கைச் சட்டத்தில் இடம்பெறாததை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 ஆம் ஆண்டு விசாரணை அறிக்கையும் சுட்டியது. அக்கோட்பாட்டை 28 ஆம் விதியாகக் கொண்ட 1998 இன் ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை.

கிருசாந்தி வழக்கில் தண்டிக்கப்பட்ட கார்ப்பரல் சோமரத்ன ராஜபக்ச, 1998 இல் குற்றவாளிக் கூண்டில் நின்றபடியே, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருப்பதாகக் கூறினார். தம் மேலதிகாரிகளையும் சுட்டினார். வெட்டிய கையே ஏவிய வாயைக் காட்டிக் கொடுத்த அரிய தருணம் அது. 1999 இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. கைதான படையினர் சிலர் பிணையில் வெளிவந்தனர்; வழக்கு அவ்வளவில் உறங்கியது. 2025 இல் அதே செம்மணிப் பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டிய இடத்தில் எலும்புகள் தென்பட, நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. அவ்வாண்டிலேயே 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளும், ஒரு பள்ளிப் பையும், விளையாட்டுப் பொம்மையும் அவற்றோடு இருந்தன.