பழைய டிராக்டர் இன்ஜின் வேலை: அளந்த பிறகே செலவு செய்யுங்கள்

கடலூர் மாவட்டக் கடைமடையில் உளுந்து அறுவடை முடிந்துவிட்டது. வீராணம் தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்கு முன்னுள்ள இந்தக் கோடைதான் பழைய டிராக்டருக்கு இன்ஜின் வேலை பார்க்க ஏற்ற காலம். ஆடியில் பிரித்துப் போட்டால் சம்பா உழவு தள்ளிப்போகும்.

இது சொந்த அனுபவம். மஹிந்திரா நிறுவனமும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனமும் 1963-ல் கைகோத்ததன் பலனாக வந்தது பி-275 டிராக்டர். 4 சிலிண்டர், சுமார் 35 குதிரைத்திறன். சிதம்பரம் அருகே எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஓர் ஆண்டு அதற்குப் புது பிஸ்டன், ரிங் போட்டோம். கிராங்க் தண்டை யாரும் அளக்கவில்லை. சேற்றுழவு தொடங்கிய பத்தாம் நாள் ஆயில் அழுத்தம் இறங்கி பேரிங் போய்விட்டது. 30 நாளில் நட வேண்டிய பி.பி.டி. 5204 நாற்று 45 நாளைத் தாண்டியது. முற்றிய நாற்றில் தூர் குறைந்து, மகசூலும் குறைந்தது. பயிர் விஞ்ஞானி வீட்டிலேயே இப்படி!

பிரிப்பதற்கு முன்: புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கும். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நாசிலையும் ஏர் கிளீனரையும் சரிசெய்தாலே போதுமா என்று முதலில் பாருங்கள்.

பிரித்த பின்: ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என 3 இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். மேல் பகுதியில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். கிராங்க் தண்டின் வட்டம் கெட்டிருந்தால் 0.25 மி.மீ. குறைத்துச் சாணை பிடித்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். பிறகு ஆயில் துளைகளைக் கழுவிக் காற்றடிக்க வேண்டும். உள்ளே தங்கும் சாணைத்தூள் புது பேரிங்கைக் கெடுத்துவிடும். அளவுகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றம் செய்யலாமா: டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், டீசல் குழாயில் தண்ணீர் பிரிக்கும் பில்டர் ஆகியவை நல்ல மாற்றங்கள். ஆனால், இழுவை கூடும் என்று டீசல் பம்பைத் திருகி டீசலைக் கூட்டாதீர்கள். கரும்புகையும் சூடும் ஏறி, பிஸ்டனும் ஹெட்டும்தான் கெடும்.

மாட்டிய பின்: முதல் 50 மணி நேரம் லேசான வேலை மட்டும். டிரெய்லர் இழுக்கலாம்; கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்க வேண்டாம். அதன்பின் ஆயிலை மாற்றி, டேப்பட் இடைவெளியைச் சரிபாருங்கள்.

கியர், ஹைட்ராலிக் எல்லாமே போயிருந்தால் விற்றுவிடுவதே மேல். அவை நன்றாக இருந்தால் பழைய வண்டியை ஒதுக்காதீர்கள். நம் களிமண் வயலில் எடை குறைந்த டிராக்டர் அதிகம் புதையாது, மண்ணும் இறுகாது. நெல்லுக்குப் பின் வரும் உளுந்தின் வேர் இறங்க அது உதவும்.