குளிரில் மெதுவாக வளரும் சாட்சி

மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் காட்டோரத்திலோ தேயிலைக் கானிலோ சடலம் கிடந்தால், அந்தக் காலத்தில் இறந்த நாளைச் சொன்னது நாற்றமும் வீக்கமும்தான். ‘நாலு நாள் இருக்கும்’ என்பார் ஒரு பெரியவர். ‘அஞ்சு’ என்பார் இன்னொருவர். விறைப்பும் உடற்சூடும் முதல் ஓரிரு நாள்களுக்கே வைத்தியருக்கு உதவும். அதன்பிறகும் நாள் சொல்லக்கூடிய புழுக்களைக் கழுவித் தள்ளிவிட்டுத்தான் பிணவறைகளில் பரிசோதனை தொடங்கும்.

இத்தனைக்கும் பூச்சியை உற்றுப் பார்ப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. தேயிலை இலையைச் சுருட்டும் புழுவை அடக்க 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதே 1935 செப்டம்பரில் ஸ்கொட்லாந்தின் மொஃபாட் அருகே ஓடைப் பள்ளத்தில் இரண்டு பெண்களின் உடல்கள் துண்டுதுண்டாகக் கிடைத்தன. அவற்றில் இருந்த புழுக்களுக்கு வயது 12 முதல் 14 நாள் என்று கணித்தார் ஆய்வாளர் அலெக்சாண்டர் மெர்ன்ஸ். மனைவியையும் பணிப்பெண்ணையும் கொன்ற பக் ரக்ஸ்டன், பம்பாயிலிருந்து போன பார்சி மருத்துவர். அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டார். இங்கே இலை தின்னும் புழுவுக்குக் கிடைத்த மரியாதை பிணம் தின்னும் புழுவுக்குக் கிடைக்கவில்லை. தேயிலைக்கு விலை உண்டே!

இன்று சடலம் கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குப் போகிறது. இந்திய உதவியில் எழுந்த அதன் புதிய கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது. புழு பற்றிய அறிவும் வளர்ந்திருக்கிறது. பெரிய புழுக்களாகப் பொறுக்கி, பாதியை வெந்நீரில் கொன்று மதுசாரத்தில் போட வேண்டும். மீதியை ஈரல் கொடுத்து வளர்த்து, ஈயான பின் இனம் பார்க்க வேண்டும்.

மலைநாட்டில் சிக்கலே குளிர்தான். புழு வளர்வது சூட்டின் கணக்கில். 10 பாகைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சராசரி 27 பாகை உள்ள கொழும்பில் நாளொன்றுக்கு 17 பாகை சேரும். 16 பாகை நுவரெலியாவில் 6 மட்டுமே. கொழும்பில் இரண்டே நாளில் எட்டும் வளர்ச்சிக்கு அங்கே ஐந்தரை நாளுக்கு மேல் ஆகும். ஞாயிறன்று கண்டெடுத்த உடலுக்குக் கொழும்புக் கணக்கைப் போட்டால் வெள்ளி என்று வரும், செத்ததோ செவ்வாய். ‘வெள்ளிக்கிழமை கொழும்பில் கடையில் நின்றேன்’ என்று சாட்சி காட்டிக் கொன்றவன் தப்பிவிடலாம். அன்று ஊரில் இருந்த அப்பாவி மாட்டிக்கொள்ளலாம். டிக்கோயாவின் குளிர் கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில்.

தென்மேல் பருவத்து அடைமழையில் ஈ பறக்காது, இரவில் முட்டையிடுவதும் அரிது. அதனால் புழுவின் வயது ‘குறைந்தது இத்தனை நாள்’ என்றுதான் சொல்லும். சடலம் கிடந்த இடத்தில் சில நாள் வெப்பமானி வைத்து, பக்கத்து வானிலைப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தவும் வேண்டும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் மழையையும் வெப்பத்தையும் குறித்துவருகிறது. கொழுந்துக்காக எழுதப்படும் அந்தப் பதிவேட்டைச் சட்ட வைத்திய அதிகாரியும் கேட்டு வாங்கலாம்.