வரவு எழுதுகிறோம், செலவை யார் எழுதுவது?

மழைக்காலத்தில் திருமானூரில் எத்தனை மில்லிமீட்டர், ஜெயங்கொண்டத்தில் எத்தனை என்று மறுநாளே செய்தி வந்துவிடுகிறது. ஆனால், வெயில் ஏலாக்குறிச்சி வயல்களிலிருந்து எவ்வளவு நீரை எடுத்துப்போகிறது என்ற கணக்கு விவசாயியின் கைக்கு அப்படி வருவதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். அதில் பெரும்பங்கைத் தருவது சூரியன்தான். வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்டால் அது முழுக் கணக்காகாது. எனவே மழைமானி உள்ள இடத்தில் கதிர்வீச்சுமானியும் வேண்டும்.

வெப்பமானி போதாதா என்று கேட்கலாம். அது சொல்வது நிழலில் உள்ள காற்றின் சூட்டை. நிலத்தில் விழும் ஆற்றலை அன்று. சோலார் தகடு சூடேறச் சூடேற அதன் மின்சாரம் குறையும் என்பதால், அனல் பறக்கும் நாளே அதிக மின்சாரம் தரும் நாள் என்றும் சொல்லிவிட முடியாது. ஆற்றலை அளக்கும் கருவி, பைரனோமீட்டர் எனும் கதிர்வீச்சுமானி. இரண்டு கண்ணாடிக் குமிழ்களுக்குள் ஒரு கருவட்டு. அது வெயிலை உறிஞ்சிச் சூடேறும்போது, அடியிலுள்ள உலோக இணைப்புகளில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். உச்சிவெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட் அடித்தாலும் கிடைப்பது சுமார் 10 மில்லிவோல்ட்தான். அந்த நுண்ணிய அளவை நாடு முழுவதும் நம்பகமாக எடுக்க, 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி நிலையங்களை அமைத்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி. 1980இல் வெளிவந்த அவரது தரவுக் கையேடு இந்தியச் சூரிய மின் திட்டங்களுக்கு அடித்தளமானது.

செயற்கைக்கோள் இருக்கையில் தரைக்கருவி எதற்கு என்பது வலுவான கேள்வி. செயற்கைக்கோள் பார்ப்பது மேல்நோக்கித் திரும்பும் ஒளியை. தரைக்கு வந்ததை அது கணித்தே சொல்கிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ள இந்த அரியலூர் மாவட்டத்தில் காற்றிலுள்ள தூசி அந்தக் கணிப்பைப் பிசகச் செய்யலாம். அதைச் சரிபார்க்கத் தரை அளவீடுதான் உரைகல். சென்னை பள்ளிக்கரணையிலுள்ள இன்றைய தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 2011இல் முதற்கட்டமாக நாடெங்கும் 51 நிலையங்களை நிறுவியதும் இத்தேவையால்தான். பராமரிப்பு கடினம் என்பதும் உண்மையே: குமிழில் தூசி படிந்தால் அளவு குறைந்து காட்டும், அடிக்கடி துடைக்க வேண்டும், இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது தரம் பார்க்க வேண்டும். ஆனால் நாள்தோறும் மழைமானியைப் பார்க்கிற ஏற்பாட்டோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். சோலார் பம்புக்கு மானியம் தரும் அரசு, அந்தப் பம்பு எவ்வளவு இறைக்கும், பயிர் எவ்வளவு குடிக்கும் என்பதை ஒருசேரக் கணிக்க உதவும் இந்தக் கருவியைத் திருமானூர் வட்டாரத்துக்கு ஒன்றாவது தர வேண்டும்.